நூற்று எண்பத்தேழாவது பாடம்

ஐம்பத்து மூன்றாம் எண்ணை அழிக்கப்போனபோது, உறுதியாகவா என்று கணினி ரோஸ்லினிடம் ஒருமுறை கேட்டது. ஆம் என்ற இடத்தில் அழுத்தினாள். ஐம்பத்து இரண்டுக்குக் கீழே ஐம்பத்து நான்கு வந்து ஒட்டிக்கொண்டது. அதை ஐம்பத்து மூன்றாக மாற்றினாள். பிறகு அடுத்ததை. நூற்று முப்பத்தொன்று வரைக்கும் ஒவ்வொன்றாக இறக்கி எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒருதரம்கூட அவள் விரல் தயங்கவில்லை. முடித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கலூர் சந்திப்பில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே பங்குனி வெயில் வெள்ளையாக நின்றது.

அவள் மேசைக்கு மேலே 'அறிவுப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பிரிவில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. கட்டட வேலை நடக்கும் இடங்களிலெல்லாம் இஞ்சினியர்கள் தாங்கள் கற்றதை, செய்த தவறுகளையும் சேர்த்து, மாதம் ஒருமுறை ஒரு படிவத்தில் எழுதி அனுப்பவேண்டும். அவள் அவற்றை 'பாடங்கள்' என்ற ஏட்டில் எண் போட்டு ஏற்றவேண்டும். ஓரிடத்தில் ஒருவன் விழுந்த குழியில் இன்னோரிடத்தில் இன்னொருவன் விழக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்று அவளும் ஒருகாலத்தில் நம்பினாள். இப்போது பத்துப் படிவங்களில் ஒன்பதில் ஒரே வரிதான் வரும். இந்த மாதம் பாடம் எதுவும் இல்லை.

அன்று காலை முதலாளி பவுலோஸ் அவள் மேசைக்கே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பேசினார்.

"ரோஸ்லினே, நாளைக்கு மூணு மணிக்குள்ள டெண்டர் போய்ச் சேரணும். ஆஸ்பத்திரி வேலை. இதுல பத்து மார்க்கு நம்ம பாட ஏட்டுக்குன்னே வச்சிருக்கான். இருநூறு இருந்தா முழு மார்க்கு."

"நூத்தி முப்பத்தொண்ணுதான் இருக்கு சார்."

"மிச்சத்த போன் பண்ணி வாங்கிடு. அப்புறம் அந்த ஐம்பத்து மூணு வேண்டாம். நம்ம இறக்கின தூணு கெட்டுப்போச்சுன்னு நாமளே எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? போட்டிக்கு வர்றவன் எவனாவது சொல்லுவானா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரெண்டு டெண்டர் போச்சு மோளே. இதுவும் போச்சுன்னா ஓணத்துக்கு அப்புறம் இந்த மாடியில பாதி லைட்ட அணைக்கணும். எனக்கு அதச் செய்ய மனசு வரல."

அவர் பொல்லாத மனிதர் இல்லை. அவளுடைய பிரசவத்தின்போது தன் காரை அனுப்பியவர். அதனால்தானோ என்னவோ, அவர் போனதும் அவள் மறுபேச்சில்லாமல் எண்ணைத் தேடி அழித்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கக்கூட இல்லை.

பிறகு போன் செய்ய ஆரம்பித்தாள். ஆலுவாவில் இருப்பவன், "பாடமா? மழை பெஞ்சா நனையும்னு எழுதிக்கோங்க சேச்சி" என்றான். மழைக்காலத்தில் சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவைத்தல் நன்று என்று அதைத் திருத்தி ஏற்றினாள். திருப்பூணித்துறையில் இருப்பவன், "எனக்குத் தெரிஞ்சத நான் எழுதித் தந்தா அப்புறம் எனக்கு எதுக்கு சம்பளம் தருவாங்க?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் பாதிக்குமேல் உண்மை. அலுவலக வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. எந்த இடத்தில் அந்த வாரம் எத்தனை வேலை முடிந்தது என்று சனிக்கிழமைதோறும் அதில் எழுதுவார்கள். முதலில் வருபவருக்கு ஒரு கேக். ஒரு கேக்குக்காகப் பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் நல்ல மேஸ்திரியின் போன் நம்பரைக்கூட ஒளித்துவைத்தார்கள்.

நான்கு வாரமாக அந்தக் கேக்கை நிஷாத் வாங்கிக்கொண்டிருந்தான். முளவுகாட்டில் காயலோரம் எழும் பத்துமாடிக் குடியிருப்பு அவன் பொறுப்பு. பைல் என்று அவர்கள் சொல்லும் நிலத்தடித் தூண்களை இறக்கிக்கொண்டிருந்தான். ரம்சான் நோன்பு தொடங்கிய பிறகு கேக்கை அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்கு வந்து எடுத்துப்போய் வேலையாட்களோடு பங்கிட்டுத் தின்பான்.

"சேச்சி, நான் தர்றேன் ஒண்ணு, முதல் தரமான சரக்கு" என்றான் நிஷாத். "எழுதிக்கோங்க. பென்டோனைட் பொடி கரைக்க டாங்கர் தண்ணிக்காகக் காத்திருக்க வேண்டாம். சைட்டுலயே கிணறு தோண்டிக்கலாம். தினமும் அரைநாள் மிச்சம். மத்தவனெல்லாம் டாங்கருக்கு வழி பாத்துட்டு நிக்கும்போது நான் எப்படி முந்துறேன்னு நினைச்சீங்க?"

"இத்தனை நாள் சொல்லலையே."

"இனி சொன்னா என்ன? நாளைக்குப் பதினோரு மணிக்கு இன்னொண்ணு இறக்குறேன். அதோட அந்த வரிசை முடியுது. பேரு மறக்காமப் போடுங்க. நிஷாத்துக்கு ஒரு ஷா வருது, அத முழுங்கிடாதீங்க."

அவள் அதைத் தட்டச்சு செய்தாள். எண் நூற்று எண்பத்தேழு. கிணற்றுத் தண்ணீர் என்ற சொல்லை அடிக்கும்போது மனசில் ஏதோ ஒன்று மெல்லத் தட்டுவதுபோல் இருந்தது. தட்டுவது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கதவைத் திறக்காமல் வரியை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, நூற்று எண்பத்தெட்டுக்குப் போனாள்.

தட்டியவன் சுகுணன். மூன்று வருடத்துக்கு முன், அதே காயலோரம், நிஷாத்தின் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தூண் இறக்கியவன். டாங்கர் வராத ஒரு நாளில் கிணற்றுத் தண்ணீரில் பென்டோனைட் பொடியைக் கரைத்துவிட்டான். நிலத்தில் துளைத்த ஆழக்குழி இடியாமல் இருக்க அந்தச் சேற்றைத்தான் அதில் நிரப்பிவைப்பார்கள். அவன் குழி உள்ளுக்குள்ளேயே இடிந்து, காங்கிரீட்டோடு மண் கலந்து, தூண் நடுவில் இடுப்பு ஒடிந்ததுபோல் ஆயிற்று. யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் அவனே பரிசோதனை வைத்து, அவனே எழுதினான். இரண்டு பக்கம். ஏட்டில் அதுதான் ஐம்பத்து மூன்றாம் எண். ஏட்டிலேயே அப்படியொரு படிவம் அதற்குமுன் வந்ததில்லை.

படிவத்தை வடிவமைத்தவள் ரோஸ்லின். எல்லாக் கட்டங்களுக்கும் கீழே, 'பிழை செய்தவர் பெயர்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தவளும் அவள்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. பட்டியல் முழுமையாக இருக்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அந்த மாதக் கூட்டத்தில் சுகுணனின் படிவத்தைத் திரையில் போட்டார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லாக் கண்ணும் கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. சம்பள உயர்வு நின்றது, அடுத்த வேலைக்கு அவன் பெயரைக் கேட்பவர் இல்லாமல் போயிற்று, மூன்றாம் மாதம் அவனே ராஜினாமா எழுதிக்கொடுத்தான். திரையில் அந்தப் பக்கத்தை அன்று நகர்த்தியது ரோஸ்லினின் விரல். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் பாடம் இல்லாமல் போனது. அவளுக்கும் ஏதோ ஒன்று இல்லாமல் போயிற்று. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பஸ்ஸில் ஏறினாள், இறங்கினாள், எண் போட்டாள்.

சாயங்காலம் இருநூறாவதையும் ஏற்றிவிட்டு, ஞாறய்க்கல்லில் வீட்டுக்கு வந்து கஞ்சியும் பயறும் வைத்தாள். ஈஸ்டருக்கு முந்தைய நோம்புக்காலம், மீன் கிடையாது. கணவன் ஸேவியர் இரண்டு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"எடியே, இதுல உப்பு போட்டியா?"

அவள் கிண்ணம் பாதி காலியாகியிருந்தது. "போடலையா?" என்றாள்.

"ஒரு கல்லுகூட இல்ல. நீ எப்படிக் குடிச்ச?"

அவன் எழுந்துபோய் உப்புச் சீசாவை எடுத்துவந்து, முதலில் அவள் கிண்ணத்தில் போட்டுக் கலக்கிவிட்டு, பிறகு தன்னுடையதில் போட்டுக்கொண்டான். வேறொன்றும் கேட்கவில்லை. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவனுக்கு, கேட்காமல் இருப்பது எப்போது நல்லது என்று தெரிந்திருந்தது. உப்பு போட்ட கஞ்சியையும் குடித்தாள். அதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. ஜெபத்தில் முழந்தாளிட்டு, எங்கள் பிழைகளைப் பொறுத்தருளும் என்ற இடம் வந்தபோது அவள் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. ஸேவியர் மட்டும் தனியாகச் சொல்லி முடித்தான். கடவுள் அவளிடம் அந்த நேரத்தில் பெரிதாக எதையும் கேட்டிருக்கமாட்டார். ஒரு போன் பண்ணச் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் நின்று அவள் அதைச் செய்தாள். சுகுணனின் எண்ணை மூன்று வருடமாக அழைக்கவுமில்லை, அழிக்கவுமில்லை. இப்போது அவன் வடக்கன் பரவூரில் சிமெண்ட் கல் அறுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான் என்று கேள்வி. இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சேச்சியா?" என்றான். பின்னால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை யாரிடமோ சொல்லி நிறுத்தினான். "முட்டு வலி எப்படி இருக்கு? அந்த மூணு மாடியும் இன்னும் படியிலதான் ஏறுறீங்களா?"

அவள் அதற்கு ஆயத்தமாக வந்திருக்கவில்லை. திட்டுவான், அல்லது போனை வைத்துவிடுவான் என்றுதான் நினைத்திருந்தாள். நிஷாத்தின் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். ஐம்பத்து மூன்றை அழித்ததையும் சொன்னாள்.

பட்டறைக் கதவை அவன் சாத்துவது கேட்டது.

"அவன் மேலயும் தப்பில்ல" என்றான் பிறகு. "கிணறு எப்பத் தோண்டினான்? டிசம்பர்லயா? அப்ப நல்ல தண்ணியாத்தான் இருந்திருக்கும். மழைத்தண்ணி மண்ணுல நிக்கும் இல்லையா. பிப்ரவரி பாதியில கும்ப மாசம் பொறந்தா காயல் கரிக்க ஆரம்பிக்கும், அது அப்படியே கிணத்துக்கும் ஏறும். நானும் அதே மாசத்துலதான் விழுந்தேன். உப்புத்தண்ணியில அந்தப் பொடி ஊறாது சேச்சி. தொட்டியில பாத்தா கெட்டியாத்தான் தெரியும். குழிக்குள்ள போய் ரெண்டு மணிநேரத்துல கீழ படிஞ்சிடும், மேல வெறும் தண்ணி. பக்கமெல்லாம் இடிஞ்சு விழும்."

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"பெரிய கருவியெல்லாம் வேண்டாம். நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாக்கச் சொல்லுங்க. நான் அன்னிக்கு அதச் செய்யல."

பஸ் வருவது தெரிந்தது. அவள் அவசரமாக, "சுகுணா, அந்தப் பேரு போடற கட்டம் நான் வச்சது" என்றாள்.

"அது எனக்குத் தெரியும் சேச்சி. படிவத்துக்குக் கீழ உங்க கையெழுத்துதானே இருந்துச்சு." அவன் குரலில் லேசான சிரிப்பு இருந்தது. "வேணும்னா இப்பவும் என் பேர போட்டுக்கோங்க. இங்க கல்லு வாங்க வர்றவன் யாரும் அதப் படிக்கறதில்ல. பஸ் வந்துடுச்சு போல, ஏறுங்க. கம்பிய நல்லாப் பிடிச்சுக்கோங்க."

பஸ் பாலம் ஏறியது. வல்லார்பாடம் மாதா கோயில் தெரிந்ததும் பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவளும் போட்டுக்கொண்டாள். அலுவலகத்துக்கு இன்னும் எட்டு நிறுத்தம் இருந்தது. முளவுகாட்டு நிறுத்தத்தில் அவள் இறங்கினாள்.

நிஷாத் தலையில் மஞ்சள் தொப்பியோடு இயந்திரத்தருகே நின்றிருந்தான். நோன்பில் உதடு வெளிறியிருந்தது. அவளைப் பார்த்ததும் வியப்போடு கையை உயர்த்தினான்.

"யாரு இது, அறிவுப் பிரிவே நடந்து வருது! என்ன சேச்சி, ஷாவை முழுங்கிட்டீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு அடங்கியது. அவள் சொன்னதை முழுவதும் கேட்டான். நடுவில் இரண்டுதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். காங்கிரீட் வண்டிகள் பதினோரு மணிக்கு. குழி முக்கால்வாசி இறங்கியிருந்தது.

"இந்தத் தண்ணிய நானே குடிச்சிருக்கேன் சேச்சி. டிசம்பர்ல தோண்டின அன்னிக்கு ரெண்டு கை அள்ளிக் குடிச்சேன். இளநீ மாதிரி இருந்துச்சு."

"அது டிசம்பர். இப்பக் குடிச்சுப் பாத்தியா?"

"இப்ப எப்படிக் குடிக்க? நோன்பு. துப்பிடலாம்னு சொல்லுவாங்க, எனக்கு மனசு ஒப்பாது." அவன் தொப்பியைச் சரிசெய்தான். "சுகுணன் சேட்டனா சொன்னாரு? கம்பெனிய விட்டுப் போனவரு, அவருக்கு இதுல என்ன லாபம்?"

"என் முட்டு வலியத்தான் முதல்ல கேட்டாரு" என்றாள் ரோஸ்லின்.

நிஷாத் வேலையாட்களைப் பார்த்தான். முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவர்கள், பாதிப்பேர் நோன்பாளிகள். மீதிப்பேர் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிச் சரி என்பவர்கள். பிறகு கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைக்கச் சொன்னான். வாளியை அவள் முன்னால் வைத்தான்.

"நீங்க சொல்லுங்க சேச்சி. உப்பா, இல்லையா? நீங்க சொல்றதுதான்."

"எனக்கும் நோம்புதான்" என்றாள் அவள். "எங்களுக்குத் தண்ணி விலக்கில்ல."

அவள் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. நேற்றுக் கஞ்சிக் கிண்ணம் ஞாபகம் வந்தது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. நேற்றுவரை எதுவும் தெரியாமல் இருந்தது ஒருவிதத்தில் வசதியாக இருந்தது. இப்போது பத்துமாடிக்கு யார் யாரோ வந்து குடியேறப்போகிறார்கள், அவர்களுடைய தொட்டிலும் அடுப்பும் எல்லாம் இந்த ஒரு நாக்கின்மேல் வந்து நிற்பதுபோல் இருந்தது. மாதாவே என்று மனசுக்குள் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, இந்தத்தரம் உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்து, விழுங்காமல் நின்றாள். வெகுதூரத்திலிருந்து ஒருவர் நடந்து வருவதுபோல, நாக்கின் இரண்டு ஓரங்களிலும் மெல்ல அது வந்தது. தாடையின் மூலை சுருங்கியது. பக்கத்தில் திரும்பித் துப்பினாள்.

"கரிக்குது நிஷாத்."

"லேசாவா, நல்லாவா?"

"இந்தத் தண்ணியில கஞ்சி வச்சா தனியா உப்பு போட வேண்டாம்."

அவன் சேற்றுத்தொட்டிப் பக்கம் போனான். நேற்றுக் கரைத்ததில் மாதிரிக்கென்று நிரப்பிவைத்திருந்த கண்ணாடிப் புட்டியை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தான். அடியில் சாம்பல்நிறமாக ஒரு படிவு, மேலே நான்கு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே இயந்திரக்காரனிடம் நிறுத்து என்று கையசைத்தான். டாங்கருக்குப் போன் செய்தான். காங்கிரீட் வண்டிகளை நாளைக்குத் தள்ளினான். இயந்திரம் நின்றதும் காயலின் அலை கரையில் தட்டுவது கேட்டது.

"கேக்கு போச்சு" என்றான். பிறகு, புட்டியைக் கீழே வைக்காமலே, தாழ்ந்த குரலில் கேட்டான். "கும்பம் பொறந்ததுலேருந்து இறக்கினது ஆறு இருக்கு சேச்சி. அது?"

அந்த ஆறும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். மண்ணிலிருந்து கம்பிகள் மட்டும் ஆறு கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கீழே என்ன இருக்கிறது என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ரோஸ்லின் கைப்பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். தொட்டியின் விளிம்பில் வைத்து நின்றபடியே எழுதினாள். கும்ப மாதம் பிறந்தபின் காயலோரக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, நாக்கில் வைத்துப் பார்க்கவும், சொல்லித்தந்தவர் சுகுணன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்றாள். பிறகு, இது முன்பே தெரிந்திருந்தும் ஏட்டிலிருந்து அழித்தவர் என்று எழுதி, தன் பெயரை முழுதாக எழுதினாள்.

நிஷாத் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். பேனாவை வாங்கிக்கொண்டான். எழுதவில்லை. படிவத்தையும் ஆறு கம்பிக் கொத்துகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தன்னை அறியாமலே பேனாவைத் தன் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, வேகமாகக் காவல் கொட்டகைக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு குப்பி குடிதண்ணீர் இருந்தது. மூடியைத் திருகித் திறந்து அவளிடம் நீட்டினான்.

"வாய் கொப்பளிச்சுக்கோங்க சேச்சி. நல்ல தண்ணி."

கைப்பைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. பார்க்காமலே பவுலோஸ் சார் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்நேரம் இருநூறையும் அச்செடுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். சாலைத் திருப்பத்தில் டாங்கர் ஒன்று, ஓட்டைக் குழாய் வழியே புழுதியில் ஈரக்கோடு இழுத்தபடி மெதுவாக வந்துகொண்டிருந்தது. போன் நின்று, மறுபடி அடித்தது. அவள் இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை. நாக்கை மெல்லப் பல்லின்மேல் ஓட்டிப் பார்த்தாள். கரிப்பு அங்கேயே இருந்தது.